மூஞ்சூறு எலி இல்லை

இரவில் சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு ஓடும் மூஞ்சூற்றைப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் எலி என்றுதான் சொல்வார்கள். சாம்பல் நிறம், சின்ன உடம்பு, குட்டைக் கால்கள், வால். மூக்கு மட்டும் கொஞ்சம் நீளம். ஆனால் வாயைத் திறந்து பார்த்தால் கதை வேறு. எலிக்கு முன்பக்கம் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று உளி போன்ற பற்கள் இருக்கும். அவை வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றுக்குப் பின்னால் வெறும் இடைவெளி, அப்புறம்தான் கடைவாய்ப்பற்கள். மூஞ்சூற்றின் வாயிலோ ஊசி ஊசியான சின்னப் பற்கள் வரிசையாக இருக்கின்றன. தானியம் கொறிக்க அவை உதவாது. பூச்சியின் ஓட்டைக் குத்தி உடைக்க வந்த பற்கள் அவை.

மரபணுக்களை ஒப்பிட்டால் வியப்பு இன்னும் கூடும். எலிக்கு மூஞ்சூற்றைவிட நெருங்கிய சொந்தம் மனிதர்கள். மூஞ்சூற்றுக்கு எலியைவிட நெருங்கிய சொந்தம் திமிங்கிலமும் குதிரையும் வௌவாலும் பூனையும்.

உறவு என்று இங்கே சொல்வது வீட்டில் நாம் போடும் அதே கணக்கைத்தான். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள், ஐந்து தலைமுறைக்கு முந்தைய ஒரு பாட்டன் வழி வந்தவர்களைவிட நெருங்கியவர்கள். முகச்சாயல் யாரோடு ஒத்துப்போனாலும் அந்தக் கணக்கு மாறாது. பள்ளியில் படித்தபோது உயிரினங்களை வகைப்படுத்துவது அலமாரியில் பாத்திரம் அடுக்குவது போன்ற வேலை என்று நினைத்திருந்தேன். நிஜத்தில் அது காணாமல் போன ஒரு குடும்ப வரலாற்றை மீட்டெடுக்கும் வேலை. மூத்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. கையில் இருப்பவை கொஞ்சம் எலும்புகள், கருவின் வளர்ச்சி, இன்றைய உயிர்களின் டிஎன்ஏ, அவ்வளவுதான். பாலூட்டிகளின் விஷயத்தில் அந்த வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எங்கெல்லாம் தடுமாறியிருக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பாலால் வந்த பெயர்

பாலூட்டி என்ற தமிழ்ச் சொல், உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758ல் வைத்த மம்மாலியா என்ற லத்தீன் பெயர் சொல்வதையே சொல்கிறது. 'மம்மா' என்றால் முலை. அதற்கு முன்பு அரிஸ்டாட்டில் காலத்து மரபைப் பின்பற்றி இந்தக் கூட்டத்தை 'நாற்காலிகள்', அதாவது நான்கு கால் உயிர்கள் என்று அழைத்து வந்தார்கள். லின்னேயஸும் முதலில் அப்படித்தான் செய்தார். அந்தப் பெயரில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருந்தன. மனிதன் இரண்டு காலில் நடக்கிறான். திமிங்கிலத்துக்குக் காலே இல்லை. திமிங்கிலங்களை அவர் முதலில் மீன்களோடு வைத்திருந்தார். தன் பெரு நூலின் 10ஆம் பதிப்பில்தான் அவற்றை எடுத்து இந்தப் பக்கம் சேர்த்தார். சேர்த்த பிறகு நான்கு கால் என்ற பெயர் நிற்கவில்லை.

அவர் ஏன் முடியைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது நல்ல கேள்வி. முடி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பால் சுரப்பது பெண்கள் மட்டுமே. லின்னேயஸ் மருத்துவரும்கூட. தாய்மார் தம் குழந்தைகளைப் பாலூட்டும் செவிலிகளிடம் விடக் கூடாது, தாங்களே பால் கொடுக்க வேண்டும் என்று 1752ல் ஒரு சிறு நூலும் எழுதியிருக்கிறார். ஆறே ஆண்டுகளில் ஒரு முழு வகுப்புக்கே அந்த உறுப்பின் பெயரை வைத்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று வரலாற்றாய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஓர் அறிவியல் பெயருக்குள் ஒரு காலத்தின் கவலையும் ஒளிந்திருக்கிறது.

அந்தப் பதிப்பில் அவர் வகுத்த வரிசைகளைப் பார்த்தால் இன்று தலை சுற்றும். வௌவாலை மனிதனோடும் குரங்கோடும் ஒரே வரிசையில் வைத்தார். காண்டாமிருகத்தை எலி, முயல், அணிலோடு சேர்த்தார். அவர் பற்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் முதல் சாட்சியாக எடுத்துக்கொண்டதால் வந்த விளைவு அது. அன்று கையில் இருந்த சாட்சி அவ்வளவுதான்.

சரி, பால் எங்கிருந்து வந்தது? வியர்வைச் சுரப்பிகளைப் போலப் பால் சுரப்பிகளும் தோலில் தோன்றியவை. முடியின் வேரோடு ஒட்டிய ஒருவகைச் சுரப்பியிலிருந்து அவை உருவாயின என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து. பாலூட்டிகளின் முன்னோர் முட்டையிட்டவை. அந்த முட்டைகளுக்குக் கோழிமுட்டை போலக் கெட்டியான ஓடு இல்லை, தோல் போன்ற மெல்லிய உறைதான். வெளிக்காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். தாயின் தோலில் சுரந்த ஈரம் முதலில் முட்டையைக் காயாமல் காத்திருக்க வேண்டும், கிருமிகளைத் தடுத்திருக்க வேண்டும். பிறகு அதே ஈரத்தில் புரதமும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்து அது குஞ்சுக்கு உணவாகியிருக்கிறது.

இதற்கு மரபணுவிலேயே ஒரு தடயம் உண்டு. கோழிமுட்டையின் மஞ்சள்கருவை உண்டாக்கும் புரதத்துக்கான மரபணுக்கள் மூன்று. முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸில் அவற்றில் ஒன்று மட்டும் இன்னும் வேலை செய்கிறது. நம் உடலில் மூன்றுமே செயலிழந்து, உடைந்த துண்டுகளாகக் கிடக்கின்றன. பாலின் கேசீன் புரதத்துக்கான மரபணுக்களோ பிளாட்டிபஸ் உட்பட எல்லாப் பாலூட்டிகளிலும் இருக்கின்றன. பால் வந்து நிலைத்த பிறகுதான் மஞ்சள்கரு மெல்ல விடைபெற்றது என்று இதிலிருந்து தெரிகிறது. ஒரு பழைய வேலையின் எச்சம் இன்றும் நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது என்பதை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

பிளாட்டிபஸுக்கு முலைக்காம்பு கிடையாது. வயிற்றுத் தோலில் இரண்டு இடங்களில் பால் கசியும், குட்டி அதை முடியிலிருந்து நக்கிக் குடிக்கும். தொடக்க காலத்தில் எல்லாப் பாலூட்டிகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மறுமுனையில் வட அட்லாண்டிக்கின் மிதக்கும் பனிக்கட்டி மேல் குட்டி ஈனும் ஹூடட் சீல் இருக்கிறது. பனி எந்த நேரமும் உடையலாம் என்பதால் அங்கே அவசரம் அதிகம். அதன் பாலில் சுமார் 60 சதவீதம் கொழுப்பு. நான்கே நாளில் பால்குடி முடிந்துவிடும், அதற்குள் குட்டியின் எடை ஏறக்குறைய இரு மடங்காகியிருக்கும். கங்காருவின் சாமர்த்தியம் வேறு மாதிரி. பையில் புதிதாக வந்த குட்டி ஒரு காம்பைப் பிடித்திருக்கும், வெளியே துள்ளும் மூத்த குட்டி தலையை மட்டும் உள்ளே விட்டு இன்னொரு காம்பில் குடிக்கும். ஒரே தாய், ஒரே நேரத்தில், இரண்டு காம்புகளில் இரண்டு விதமான பாலைச் சுரக்கிறாள்.

புறாவும் குஞ்சுக்குப் 'பால்' ஊட்டுகிறதே என்று கேட்கலாம். அது தொண்டைப் பையின் உட்சுவரிலிருந்து உதிரும் கொழுப்பு நிறைந்த செல்கள். ஆண் புறாவும் அதைத் தரும். வேலை ஒன்றுதான், வந்த வழி வேறு. அதனால் புறா நம் பக்கத்துச் சொந்தம் ஆகிவிடாது.

காதுக்குள் ஒரு பழைய தாடை

பாலும் முடியும் மென்மையானவை, பாறையில் அரிதாகவே பதியும். ஆகவே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் எலும்பைக் கையில் எடுத்து 'இது பாலூட்டி' என்று சொல்ல வேறு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி தாடையிலும் காதிலும் கிடைத்தது. விலங்கியலில் எனக்கு இதைவிடப் பிடித்த கதை இல்லை.

பல்லி, பாம்பு, முதலை, பறவை ஆகியவற்றின் கீழ்த்தாடையில் பக்கத்துக்குப் பல எலும்புகள் சேர்ந்திருக்கும். நமக்குப் பக்கத்துக்கு ஒன்றுதான். அவற்றின் நடுக்காதில் ஒரே ஓர் எலும்பு. நமக்கு மூன்று: சுத்தி, பட்டடை, அங்கவடி. தாடையில் எலும்பு குறைந்திருக்கிறது, காதில் கூடியிருக்கிறது. 1837ல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ரைகெர்ட், கருக்களை வரிசையாக ஆராய்ந்து இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார். ஊர்வனவற்றில் மேல் தாடையும் கீழ்த் தாடையும் கீல் போலச் சேரும் இடத்தில் உள்ள அதே இரண்டு எலும்புகள்தான் பாலூட்டிகளில் சுத்தியாகவும் பட்டடையாகவும் மாறி நிற்கின்றன என்று அவர் கண்டார். டார்வினின் பரிணாம நூல் வர இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. எப்படி இப்படி ஆனது என்று சொல்ல அவரிடம் கோட்பாடு எதுவும் இல்லை. கண்ணால் கண்டதை எழுதினார், அது நிலைத்துவிட்டது.

நம் கருவிலும் இது நடக்கிறது. சுத்தி எலும்பு முதலில் தாடையின் குருத்தெலும்போடு ஒட்டித்தான் உருவாகிறது, பிறகு பிரிந்து காதுக்குப் போகிறது. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பைப்பாலூட்டியான ஒப்போசத்தின் குட்டி இதைவிடத் தெளிவான காட்சி. அது மிகவும் முதிராத நிலையில் பிறப்பதால், பிறந்தபோது அதன் தாடைக் கீல் இன்னும் அந்தப் பழைய எலும்புகளில்தான் இயங்குகிறது. பால் குடித்து வளர வளரப் புதுக் கீல் உருவாகி, பழைய எலும்புகள் விடுதலை பெற்றுக் காதுக்கு நகர்கின்றன.

ஆனால் நடுவில் ஒரு சிக்கல் உண்டு. கீல் ஓர் எலும்பிலிருந்து இன்னோர் எலும்புக்கு மாற வேண்டும் என்றால், இடைப்பட்ட காலத்தில் அந்த விலங்கு எப்படி மென்று தின்றிருக்கும்? இதை வைத்தே இந்த மாற்றம் நடந்திருக்க முடியாது என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். பதில் பாறையில் கிடைத்தது. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மார்கனுகோடான் என்ற சிற்றுயிர், ஏறக்குறைய மூஞ்சூறு அளவுதான் இருக்கும். அதன் தாடையில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு கீல்கள் அருகருகே இருந்தன, பழையதும் புதியதும் சேர்ந்தே. புதிய கீல் பாரத்தைத் தாங்கத் தொடங்கியதும் பழைய எலும்புகள் சிறுத்து, அதிர்வை மட்டும் கடத்தும் வேலைக்கு ஒதுங்கின. தாடையில் இருந்த காலத்திலேயே அவை தரையின் அதிர்வைக் கொஞ்சம் காதுக்குக் கடத்திக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். ஆக இது புது வேலை இல்லை, பழைய வேலையில் ஒன்று மட்டும் மிச்சமானது.

இதன் பலன் பெரியது. பெரும்பாலான பறவைகளால் நொடிக்குப் 10,000 அதிர்வுகளுக்கு மேல் அவ்வளவாகக் கேட்க முடியாது. இளம் மனிதர்களின் காது 20,000 வரை கேட்கும். வௌவால்களில் பல 1,00,000ஐத் தாண்டும். இருட்டில் பூச்சியின் சலசலப்பைத் தேடித் திரிந்த சின்ன உயிர்களுக்கு அந்தக் கீச்சொலி உலகம் திறந்தது.

இந்த இடத்தில் ஒரு பொதுவான பிழையைச் சொல்லியாக வேண்டும். முதுகில் பாய்மரம் விரித்த டைமெட்ரோடான் என்ற விலங்கைப் பிள்ளைகளின் டைனோசர் பொம்மைகளோடு சேர்த்து விற்கிறார்கள். அது டைனோசரே இல்லை. டைனோசர்கள் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. கண்குழிக்குப் பின்னால் மண்டை ஓட்டில் ஒரே ஒரு துளை உள்ள கிளையைச் சேர்ந்தது, அது நம் கிளை. சுமார் 31 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கிளையும், பல்லி, முதலை, டைனோசர், பறவை எல்லாம் வந்த கிளையும் பிரிந்தன. பாலூட்டிகள் ஊர்வனவற்றிலிருந்து வந்தன என்று பாடநூல்களில் படித்திருப்போம். இரண்டும் ஒரே முன்னோரின் இரு மக்கள் வழி என்று சொல்வதே பொருத்தம்.

சூட்டின் விலை

உடல் சூட்டை உள்ளேயே உண்டாக்கிக்கொள்வது இரவிலும் குளிரிலும் நடமாட உதவும், ஆனால் அதற்கு உணவு நிறைய வேண்டும். பாலூட்டியின் உடம்பில் காணும் பல அமைப்புகள் இந்த ஒரு செலவை ஈடுகட்ட வந்தவை. முடி சூட்டைக் காக்கிறது. உதரவிதானம் மூச்சை ஆழமாக இழுக்கிறது. நான்கு அறை இதயம் நல்ல இரத்தத்தையும் கெட்ட இரத்தத்தையும் கலக்க விடுவதில்லை. இரத்தச் சிவப்பணுக்கள் தம் உட்கருவையே வெளியேற்றிவிட்டு முழு இடத்தையும் ஹீமோகுளோபினுக்கு விட்டுக்கொடுத்திருக்கின்றன. வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என்று பற்கள் வேலையைப் பங்கிட்டு உணவை வாயிலேயே அரைத்துவிடுகின்றன. பல் இரண்டே முறைதான் முளைக்கும், பாற்பல் ஒன்று, நிரந்தரப் பல் ஒன்று. முதலைக்கு ஆயுள் முழுக்க விழுந்து விழுந்து முளைக்கும். பாலுக்கும் இதில் பங்கு உண்டு. குட்டிக்குத் தொடக்கத்தில் பல்லே தேவையில்லாததால், தாடை ஓரளவு வளர்ந்த பிறகு மேலும் கீழும் கச்சிதமாகப் பொருந்தும் பற்கள் முளைக்க நேரம் கிடைக்கிறது.

உடம்பு சிறுக்கச் சிறுக்க இந்தச் செலவு கூடும், ஏனென்றால் எடையோடு ஒப்பிடும்போது சூட்டை இழக்கும் பரப்பு அதிகம். எட்ருஸ்கன் மூஞ்சூறு என்ற இனத்தின் எடை சுமார் 2 கிராம். அதன் இதயம் நிமிடத்துக்கு 1,000 முறைக்கு மேல் துடிக்கும். சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே உயிருக்கு ஆபத்து. 100 டன்னைத் தாண்டும் நீலத் திமிங்கிலமும் இதே வகுப்புதான், இதே அடிப்படைக் கட்டுமானம்தான்.

அந்தக் கட்டுமானம் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்குக் கழுத்து ஓர் எடுத்துக்காட்டு. எலிக்குக் கழுத்தெலும்பு 7, மனிதனுக்கு 7, ஒட்டகச்சிவிங்கிக்கும் 7. கழுத்தே இல்லாதது போலத் தோன்றும் திமிங்கிலத்துக்கும் 7. விதிவிலக்கு இரண்டு கூட்டங்கள் மட்டும். ஒன்று நீரில் புல் மேயும் மானட்டீ, அதற்கு 6. இன்னொன்று மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத் வகைகள்.

மூன்று கிளைகள்

இன்று உயிரோடிருக்கும் பாலூட்டிகள் மூன்று பெரிய கிளைகளாகப் பிரிகின்றன. முட்டையிடுபவை ஐந்தே இனங்கள்: பிளாட்டிபஸ் ஒன்று, உடலெங்கும் முள் உள்ள எக்கிட்னா நான்கு. பைப்பாலூட்டிகள் முந்நூற்றுச் சொச்சம். மற்றதெல்லாம் நஞ்சுக்கொடிப் பாலூட்டிகள்.

1799ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பிளாட்டிபஸ் தோலை இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷா லண்டனில் ஆராய்ந்தபோது, வாத்தின் அலகை வேறொரு விலங்கின் உடம்பில் யாரோ செயற்கையாகப் பொருத்திய ஏமாற்று வேலையோ என்று சந்தேகம் எழுவதாக எழுதினார். அது நிஜ விலங்கு என்பது உறுதியான பிறகும், முட்டையிடுமா குட்டி போடுமா என்ற சண்டை பல பத்தாண்டுகள் ஓடியது. முட்டையிடும் என்று அங்குள்ள பழங்குடி மக்கள் சொன்னதை ஐரோப்பிய அறிஞர்கள் பொருட்படுத்தவில்லை. கடைசியில் 1884ல் கால்டுவெல் என்ற இளம் ஆய்வாளர் அந்த மக்களின் துணையோடு தேடி முட்டையைக் கண்டு தந்தி அடித்தார். அதே ஆண்டில் எக்கிட்னாவின் பையிலும் முட்டை கண்டெடுக்கப்பட்டது. தெரிந்தவர்களை முதலிலேயே நம்பியிருந்தால் எத்தனையோ ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்ற வருத்தம் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும்.

பைப்பாலூட்டிகளைப் பின்தங்கியவை என்று நினைப்பது தவறு. செங்கங்காருவின் கர்ப்பகாலம் சுமார் 33 நாள், பிறக்கும் குட்டி ஒரு கிராம்கூட இருக்காது. ஆனால் அதன் முன்னங்கைகள் மட்டும் உறுதியாக வளர்ந்திருக்கும், அவற்றால் முடியைப் பற்றித் தானே ஏறிப் பைக்குள் போய்விடும். பிறகு சுமார் எட்டு மாதம் பைதான் வீடு. வறட்சி வந்தால் தாய் குட்டியை இழக்கலாம், ஆனால் பெரும் முதலீடு போகாது. கருப்பையில் ஏற்கெனவே இன்னொரு கரு வளராமல் காத்திருக்கும், இடம் காலியானதும் அது வளரத் தொடங்கும். நிச்சயமில்லாத நிலத்துக்கு இது மிக நல்ல ஏற்பாடு.

நஞ்சுக்கொடி என்ற பெயரும் முழுக்கச் சரியில்லை. பைப்பாலூட்டிகளுக்கும் குறுகிய காலம் வேலை செய்யும் எளிய நஞ்சுக்கொடி உண்டு. நம் கிளையில் அது நீண்ட காலம், ஆழமாக வேலை செய்கிறது. அந்த நஞ்சுக்கொடியின் பிறப்பில் வைரஸுக்கும் பங்கு இருக்கிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையே உள்ள அடுக்கில் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே படலமாகின்றன. அப்படி இணைக்கும் புரதத்துக்குச் சின்சிட்டின் என்று பெயர். அதன் மரபணு, பழங்காலத்தில் முன்னோரின் உடலைத் தொற்றிய ஒரு ரெட்ரோவைரஸ் (தன் மரபணுக்களைச் செல்லின் டிஎன்ஏவிலேயே செருகிவிடும் வைரஸ் வகை) விட்டுச்சென்றது. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்திய கருவி, கருவைக் காக்கும் கருவியாகிவிட்டது. மனிதன், எலி, மாடு ஆகிய வழிகளில் வெவ்வேறு வைரஸ்களிலிருந்து தனித்தனியாக இப்படி நடந்திருக்கிறது.

பெயர் ஒன்று சொல்ல, வம்சம் வேறொன்று சொல்ல

நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் உட்பிரிவுகள் நெடுங்காலம் உருவத்தையும் எலும்பையும் வைத்தே வகுக்கப்பட்டன. 1990களில் டிஎன்ஏ ஒப்பீடு வந்ததும் மரத்தின் பல கிளைகள் இடம் மாறின. இன்று நான்கு பெருங்கூட்டங்கள் ஏற்கப்பட்டிருக்கின்றன. ஆப்பிரிக்காவில் கிளைத்த கூட்டம் ஒன்று. ஸ்லாத், ஆர்மடில்லோ, தென்னமெரிக்க எறும்புத்தின்னி சேர்ந்த கூட்டம் ஒன்று. எலி, முயல், குரங்கு, மனிதன் சேர்ந்தது ஒன்று. மூஞ்சூறு முதல் திமிங்கிலம் வரை சேர்ந்தது ஒன்று.

ஆப்பிரிக்கக் கூட்டம்தான் எல்லாரையும் அசத்தியது. யானையும் ஆவுளியா என்ற கடல்பசுவும் உறவு என்று முன்பே எலும்பியலாளர்கள் சொல்லி வந்தார்கள். முயல் அளவே உள்ள பாறை ஹைராக்ஸும் அவற்றோடு சேரும் என்பதற்கும் ஆதரவு இருந்தது. கூடவே கரையான் தின்னும் ஆர்ட்வார்க், மண்ணுக்குள் வாழும் பொன்னிற அகழெலி, மடகாஸ்கரின் முள் நிறைந்த டென்ரெக் எல்லாம் அதே கூட்டம் என்று மரபணு காட்டியபோது பலரால் நம்ப முடியவில்லை. 1998ல் இதற்கு ஆப்ரோதீரியா என்று பெயர் வைத்தார்கள். நீண்டு அசையும் மூக்குக்காக யானை மூஞ்சூறு என்று அழைக்கப்பட்ட ஒரு சின்ன விலங்கும் இதில் அடக்கம். மூக்கைப் பார்த்து யாரோ வைத்த பெயர், அது மூஞ்சூறு இல்லை, யானைக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

நம் பெயர்களையும் இப்படி ஒரு முறை சரிபார்க்கலாம். முள்ளம்பன்றி பன்றி இல்லை, அணிலையும் எலியையும் போல ஒரு கொறிவிலங்கு. முள்ளெலி எலி இல்லை, மூஞ்சூற்றின் சொந்தம். முயலை வெகுகாலம் கொறிவிலங்குகளோடே வைத்திருந்தார்கள். அதன் மேல் முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சின்ன ஜோடி ஒளிந்திருப்பதால் இப்போது தனி வரிசை, ஆனாலும் எலிக்கு நெருங்கிய வரிசைதான். ஊனுண்ணி வரிசை பூனைப் பக்கம், நாய்ப் பக்கம் என இரண்டாகப் பிரிகிறது. கழுதைப்புலி பார்க்க நாய் மாதிரி இருந்தாலும் பூனைப் பக்கம். கீரியும் அங்கேதான். மரநாய் பெயரில் மட்டும் நாய், அதுவும் பூனைப் பக்கம். நீர்நாய், கரடி, சீல் மூன்றும் நாய்ப் பக்கம். மூங்கிலே கதி என்று கிடக்கும் பாண்டா ஒரு கரடி என்பதால் அதுவும் ஊனுண்ணி வரிசைதான். வரிசையின் பெயர் வம்சத்தைச் சொல்கிறது, உணவை அல்ல. எறும்புத்தின்னி என்று நாம் சொல்லும் அழுங்கு, தென்னமெரிக்க எறும்புத்தின்னிக்கு உறவே இல்லை. உயிரோடிருப்பவற்றில் அழுங்குக்கு மிக நெருங்கியவை இந்த ஊனுண்ணிகள்தான்.

ஒரே வேலை ஒரே உருவத்தைச் செதுக்குகிறது, இதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். எறும்பும் கரையானும் தின்ன வேண்டும் என்றால் நீண்ட பிசுபிசுப்பான நாக்கும் வலுவான நகமும் வேண்டும். அழுங்கு, ஆர்ட்வார்க், தென்னமெரிக்க எறும்புத்தின்னி, எக்கிட்னா, ஆஸ்திரேலியாவின் நம்பட் என்று ஐந்து வம்சங்கள் ஒன்றையொன்று அறியாமல் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. 1936ல் கடைசியாக ஒன்று கூண்டில் இறந்த தைலசின், ஓநாய் போன்ற தலையோடு இருந்த பைப்பாலூட்டி.

மரபணுவும் சில சமயம் ஏமாற்றும். எதிரொலியை வைத்துத் திசையறியும் வௌவால்களுக்கும் டால்பின்களுக்கும், காதின் நுண்மயிர்ச் செல்களில் வேலை செய்யும் பிரெஸ்டின் என்ற புரதத்தில் ஒரே மாதிரி மாற்றங்கள் தனித்தனியாக நிகழ்ந்திருப்பது 2010ல் தெரியவந்தது. அந்த ஒரு மரபணுவை மட்டும் வைத்து மரம் வரைந்தால் டால்பின் வௌவாலின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதனால்தான் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

திமிங்கிலத்தின் கதையில் எலும்பும் மரபணுவும் முதலில் மோதி, பிறகு கை குலுக்கின. அதற்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை என்று 1990களில் மரபணு சொன்னது. புதைபடிவ ஆய்வாளர்கள் பலர் ஒப்பவில்லை. அழிந்துபோன வேறொரு குளம்பு விலங்குக் கூட்டத்திலிருந்து திமிங்கிலம் வந்தது என்பது அவர்கள் கருத்து, அதற்கு முக்கோணப் பற்களின் ஒற்றுமையைச் சாட்சியாகக் காட்டினார்கள். 2001ல் பாகிஸ்தானில் கிடைத்த, கால்கள் உள்ள ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகள் பற்றி இரண்டு குழுக்கள் அறிவித்தன. இருபக்கமும் கப்பி போல வளைந்த அந்த எலும்பு மாடு, மான், பன்றி, ஒட்டகம் போன்ற இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கே உரியது. அத்தோடு பெரும்பாலானோரின் சந்தேகம் தீர்ந்தது. பசு, குதிரையைவிடத் திமிங்கிலத்துக்கே நெருங்கிய சொந்தம்.

இன்னும் முடியாத கணக்கு

2005ல் வெளியான உலகப் பட்டியலில் 5,416 பாலூட்டி இனங்கள் இருந்தன. 2018ல் வந்த கணக்கு 6,495. அதில் சுமார் நூறு, அண்மை நூற்றாண்டுகளில் அழிந்துபோனவை. மொத்தத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் கொறிவிலங்குகள், 20 சதவீதம் வௌவால்கள். யானையும் புலியும் நம் மனதை நிறைத்தாலும், எண்ணிக்கையில் பாலூட்டி உலகம் என்பது கைக்குள் அடங்கும் இரவு உயிர்களின் உலகம்.

எண்ணிக்கை கூடியதற்குக் காட்டில் புதிதாகக் கண்டவை ஒரு காரணம், ஒன்றென்று நினைத்ததைப் பலவாகப் பிரித்தது இன்னொரு காரணம். ஒட்டகச்சிவிங்கி நான்கு தனி இனங்கள் என்று 2016ல் ஒரு மரபணு ஆய்வு முன்வைத்தது. 2013ல் அறிவிக்கப்பட்ட ஒலிங்கிட்டோ என்ற ஆண்டீஸ் மலைக்காட்டு விலங்கின் தோல்களும் மண்டை ஓடுகளும் அருங்காட்சியக இழுப்பறைகளில் பல பத்தாண்டுகளாகத் தவறான பெயரோடு கிடந்தவை. அந்த இனத்து விலங்கு ஒன்று அதற்கு முன்பே அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலைகளில் உயிரோடு இருந்திருக்கிறது. அதன் இனம் என்று நினைத்த விலங்குகளோடு இணை சேரவில்லையே என்று இடம் மாற்றிப் பார்த்தார்களாம். அது வேறு இனம் என்பது யாருக்கும் தெரியவில்லை.

மரத்தின் சில கிளைகள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன. நான்கு பெருங்கூட்டங்களில் முதலில் பிரிந்தது ஆப்பிரிக்கக் கூட்டமா, ஸ்லாத் கூட்டமா, அல்லது இரண்டும் சேர்ந்தா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. மிகக் குறுகிய காலத்தில் அடுத்தடுத்துப் பிரிந்ததால், ஒரு மரபணு ஒன்று சொல்கிறது, இன்னொன்று வேறு சொல்கிறது. குதிரையும் அப்படித்தான். அது பூனை பக்கமா, பசு பக்கமா, வௌவாலுக்கு எவ்வளவு அருகில் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. அந்தக் கூட்டத்தில் மூஞ்சூற்றின் இடத்தில் மட்டும் அவ்வளவு தகராறு இல்லை. முள்ளெலியையும் மோல் என்ற அகழெலியையும் (பொன்னிற அகழெலி வேறு) கூட்டிக்கொண்டு, குதிரையும் பூனையும் பசுவும் வௌவாலும் இன்னும் ஒரே கிளையாக இருந்தபோதே முதலில் பிரிந்து போனது அதுதான்.